ஏலத்தில் எடுத்த மாம்பழம்

அந்த மாம்பழம் என்னுடையது. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். பிறகு எத்தனையோ பேர் அதைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவராவது என் பெயரைச் சேர்த்துக் கதைக்கவில்லை.

எங்கள் ஊர் சண்டிலிப்பாய்ப் பக்கம். எங்கள் பிள்ளையார் கோயிலில் ஆனி மாதம் திருவிழா நடக்கும். அதில் ஒருநாள் மாம்பழத் திருவிழா. தாய் தகப்பனைச் சுற்றிவந்து பிள்ளையார் பழத்தை வாங்கிக்கொள்வார், உலகத்தைச் சுற்றிவந்த முருகன் கோபித்துக்கொண்டு போவார். ஐயர் அதை நடத்திக் காட்டி முடித்த பிறகு, அந்த ஒற்றைப் பழத்தை வெளிமண்டபத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டி, சொந்தக்காரருக்கும் அயலுக்கும் நகத்தளவு துண்டாவது கொடுப்பார். அது வழக்கம்.

சண்டையால் கரண்ட் நின்றுபோன காலத்தில் ஒரு வருடம் அந்த ஏலத்தை நான் எடுத்தேன். எனக்கு எதிரே நின்று கேட்டவருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். பிள்ளைகளின் காசு அவருக்குப் பின்னால் நின்றது. எனக்குப் பின்னால் நின்றது நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சைக்கிள் கரியரில் புகையிலைச் சிப்பம் கட்டிக்கொண்டு தட்டாதெருவரைக்கும் மிதித்தவன் நான். பிறகு புகையிலைக் கடை வைத்தேன், தோட்டம் வாங்கினேன், மேல்மாடி கட்டினேன். எங்கள் ஒழுங்கையில் மொசைக் தரை போட்ட முதல் வீடு என்னுடையது. மழை நாளில் அயலார் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஏலம் என் பெயரில் முடிந்ததும் பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி தங்கையோடு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றாள். கோயிலே என்னைப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் வாங்கிக்கொண்டுவந்த எந்தப் பொருளுக்கு முன்னாலும் அவள் நின்று பார்த்ததில்லை. விறாந்தையைக் கடந்ததும் உள்ள பெரிய அறையில் முதிரை மரத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி செய்வித்து வைத்திருந்தேன். தட்டுகளுக்குச் சிவப்பு வெல்வெட் துணி. உள்ளே சிங்கப்பூர்த் தேநீர்க் கோப்பைகள், பீங்கான் வாத்து, குடை பிடித்த வெள்ளைக்காரப் பொம்மை, தண்ணீர் கேட்காத, வாடாத பிளாஸ்டிக் ரோசாப்பூக்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் தூசி தட்டுவாள். தூசி தட்டுவது வேறு, பார்ப்பது வேறு.

அவள் நின்று பார்க்கிற இடம் ஒன்று இருந்தது. அது அவளுடைய தங்கையின் வீடு. தங்கையின் புருசன், என் சகலன், ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியார். பாதிச் சுவருக்குப் பூச்சுக்கூட இல்லாத வீடு. முன்னறையில் ஒரு மேசை. அந்த மேசையில் அவர் சேர்த்துவைத்த குப்பையை எங்கள் வீட்டில் வைத்திருந்தால் வேலைக்காரி கூட்டி அள்ளியிருப்பாள். கறையான் தின்று வலையாய்ப் போன பனைமட்டை. கொழும்புத்துறைக் கரையில் பொறுக்கிய, ஓட்டை விழுந்த சங்கு. பாம்பு கழற்றிவிட்ட செட்டை. முளைவிட்டு வாடிச் சுருங்கிய வெங்காயம் ஒன்று. ஒரு குருவிக்கூடும் இருந்தது. பற்றரி கிடைக்காமல் ரேடியோக்கள் எல்லாம் ஊமையாகிக் கிடந்த நேரம், யாரோ கசெற் நாடாவை உருவி எறிந்திருக்கிறார்கள். குருவி அதை எடுத்துக் கூடு பின்னியிருந்தது.

"இஞ்சாருங்கோப்பா, உந்தக் கூட்டை ஒருக்காப் பாருங்கோவன். நாடாவை எப்படி வளைச்சு வளைச்சுப் பின்னியிருக்கு" என்றாள் மனைவி.

"குருவிக்கு வேறை வேலையில்லை" என்றேன். வாத்தியாருக்கும் வேலையில்லை என்று சொல்ல வந்தேன். தங்கைக்காரி, என் மச்சாள், தேத்தண்ணி கொண்டுவந்ததால் விட்டுவிட்டேன்.

அந்தக் கூட்டுக்கு முன்னால் அவள் நின்ற நேரத்தில் நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்து, வெற்றிலையும் போட்டுவிட்டேன்.

இனி மாம்பழத்துக்கு வருகிறேன். கறுத்தக்கொழும்பான். என் இரண்டு கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய பருமன். கோயிலிலிருந்து தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு வந்தேன். சகலன் குடும்பமும் எங்களோடு வந்தது. மனைவி தட்டமும் கத்தியும் கழுவி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வெட்டிறேல்லை" என்றேன்.

"என்னப்பா கதைக்கிறியள்? அயலுக்குக் குடுக்க வேண்டாமோ?"

"வெட்டினால் உடனை முடிஞ்சிடும். நாளைக்கு ஆர் எடுத்ததெண்டு ஆருக்குத் தெரியும்? அலுமாரியிலை இருக்கட்டும், எல்லாரும் வந்து பாக்கட்டும்."

"பிரசாதமப்பா."

"பிரசாதத்தைக் கண்ணாலையும் எடுக்கலாம்."

மச்சாள் வாய்க்காரி. "அப்ப அத்தான், நாங்கள் கண்ணாலை திண்டிட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு போறதோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேல்தட்டில் வாத்தை ஒரு கரைக்குத் தள்ளிவைத்துவிட்டு வெல்வெட்டுக்கு நடுவில் மாம்பழத்தை வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆட்கள் வந்தார்கள். அதை யாரும் மறுக்க முடியாது. கடைக்கு வந்தவர்களை நானே கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "நல்ல பழம்" என்றார்கள். "எப்ப வெட்டுறது?" என்று சிலர் கேட்டார்கள். பார்ப்பம் என்றேன். பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு மணம் வந்தது. முதலில் தேன்போல ஒரு மணம், அதற்குப் பின்னால் கள்ளுக்கொட்டில் மணம். கண்ணாடிக்கு உள்ளே எப்படிப் பழக்கொசு போனது என்று தெரியவில்லை, போய்விட்டது. காம்படியில் கறுப்புப் பொட்டுகள் வந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு பக்கம் அமிழ்ந்து அதிலிருந்து பாகுபோலப் பாணி கசிந்தது.

பிரசாதத்தை மிதிபடுகிற இடத்தில் போடக்கூடாது. கிணற்றடியில் நின்ற தேசிமரத்தின் வேரில் புதைப்போம் என்று மனைவி சொன்னாள். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் சகலன் வந்தார். என்னவோ அலுவலாய் வந்தவர், அலுவலை மறந்துபோய் அலுமாரிக்கு முன்னால் குந்திவிட்டார். கதிரை இருக்க, தரையில்.

"அண்ணை, இதை எறியப் போறியளோ?"

"எறியிறதோ? அது பிரசாதம்."

"அப்ப என்னட்டைத் தாங்கோ. கொஞ்ச நாளைக்கு வைச்சுப் பாக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப் போறீர்? அழுகிறதையோ?"

"இப்பத்தான் வடிவு வருது, அண்ணை. தோல் இருக்கிற நிறத்தைப் பாருங்கோ."

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. புதைக்க இருந்த பொருள்தான், ஆனால் அவர் கேட்டதும் எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. நான் யோசித்துக்கொண்டு நிற்க, மனைவி அதற்குள் தட்டத்தில் வாழையிலை போட்டு மாம்பழத்தை இரண்டு கையாலும் தூக்கி வைத்துவிட்டாள். ஏலத்தன்று அவள் அதைத் தொடவே இல்லை.

"ஒரு கதை" என்றேன். "படம் கீறினால் கீழை எழுதோணும். இன்னாரின்ரை மாம்பழம், கோயில் ஏலத்திலை எடுத்ததெண்டு."

"ஓம் அண்ணை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். அந்த நாளில் வர்ணப் பெட்டி எங்கே கிடைக்கும்? சவர்க்காரமே கிடைக்காத காலம். மஞ்சளும் விளக்குக் கரியும் அவர் வீட்டில் இருந்தன. மண்ணிறத்துக்கு வழியில்லை. ஒருநாள் மச்சாள் வெறும் போத்தலோடு கடைக்கு வந்து நின்றாள்.

"அத்தான், கழிச்சுவிட்ட கோடா இருந்தாக் கொஞ்சம் தாங்கோ. இவர் கேட்டவர்."

கோடா என்பது சுருட்டுப் புகையிலைக்குத் தடவுகிற பாணி. என் கடைக் கோடாவுக்கு ஒரு பெயர் இருந்தது.

"கழிச்சுவிட்டதெண்ட கதை என்னட்டை இல்லை, பிள்ளை. நல்லதிலை ஊத்திக்கொண்டு போ" என்று போத்தல் நிறைய நானே ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு கடதாசிக்கு வந்தாள். சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுவதற்கு முதல் நான் வருடா வருடம் என் கடைப் பெயரோடு கலண்டர் அடிப்பிப்பேன். முன்னுக்கு லட்சுமி, கீழே என் பெயர், பெரிய எழுத்தில். பழசு ஒரு கட்டு மீந்து கிடந்தது. பின்பக்கம் வெள்ளை. அதையும் கொடுத்தேன். ஆக, மாம்பழம் என்னுடையது, நிறம் என்னுடையது, கடதாசி என்னுடையது. அவர் போட்டது கையை மட்டும்.

மனைவி பின்னேரங்களில் தங்கை வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். முந்தியும் போவாள்தான், கிழமைக்கு ஒருதரம். இப்போது விளக்கு வைக்கிறதுக்கு முன் ஒருக்கால் போய்விட்டு வந்தால்தான் அவளுக்குச் சரி. போய் வந்தால் முகத்தில் ஒரு தெளிவு. அந்தத் தெளிவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு விதமாக நினைக்காதீர்கள். அவளும் அப்படியானவள் இல்லை, அவரும் அப்படியானவர் இல்லை. அப்படியென்றால் நான் இரண்டு சத்தம் போட்டு முடித்திருப்பேன். ஒரு அழுகின பழத்தோடு யார் போய்ச் சண்டை பிடிக்கிறது?

"அப்பிடி என்னத்தைப் பாக்கிறாய் அங்கை?"

"இண்டைக்குத் தோல் சுருங்கிப்போச்சு. கரையிலை ஒரு ஊதா நிறம், கத்தரிக்காய் மாதிரி. அதுக்குமேலை பூஞ்சணம் பிடிச்சிருக்கு. பனி விழுந்தமாதிரி இருக்கப்பா."

"இஞ்சை இருக்கேக்கை ஏன் பாக்கேல்லை?"

யோசித்தாள். "இஞ்சை அது உங்கடை ஏலமெல்லோ" என்றாள்.

சாப்பாட்டைப் போடு என்றேன்.

நான் எதையும் கையில் எடுத்தால் மற்றவனைவிடப் பெரிதாகச் செய்கிறவன். அழுகல்தான் வடிவென்றால் என்னிடம் இல்லாத அழுகலா? அடுத்த நாள் சந்தைக்குப் போய் இருக்கிறதில் பெரிய பூசணிக்காய், நல்ல முற்றின பப்பாசிப்பழம், ஒரு கதலிக் குலை, கூடவே ஒரு பலாப்பழப் பாதி எல்லாம் வாங்கிவந்தேன். தேநீர்க் கோப்பைகளை இறக்கிவிட்டு அலுமாரியின் கீழ்த்தட்டுகளில் அடுக்கினேன். மேல்தட்டில் மாம்பழம் இருந்த இடத்தை மட்டும் வேறொன்றுக்குக் கொடுக்க மனம் வரவில்லை, வெறுமையாக விட்டேன். கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டேன்.

"உதென்னப்பா கூத்து?" என்றாள்.

"பாத்துக்கொண்டிரு" என்றேன்.

பார்க்க முடியவில்லை. நாற்றம்தான் வந்தது. பலாப்பழம் எல்லாவற்றுக்கும் முதல் போனது. வாழைப்பழம் கறுத்துக் காம்பைவிட்டு ஒவ்வொன்றாக விழுந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து வழிந்ததால் உள்ளே ஊதாவோ பனியோ எது வந்திருந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. புழு மட்டும் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் பூசணிக்காய் அடியால் விட்டுப்போய், தண்ணீர் கதவு நீக்கலால் வழிந்து மொசைக் தரைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, கடையில் புகையிலை தரம் பிரிக்கிற ஆள் கணக்குக் கேட்க வந்தவன், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"முதலாளி, பண்டிக்குத் தீன் வைக்கிற யோசினையோ?"

"போடா உன்ரை வேலையைப் பாத்துக்கொண்டு."

மனைவி வாளியும் துணியும் கொண்டுவந்தாள். குனிந்து துடைக்கும்போது அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரின்ரை பழமும் அழுகினதுதானே. என்ரையும் அழுகினதுதான். அதிலை என்ன வித்தியாசம், சொல்லு பாப்பம்."

"எனக்குச் சொல்லத் தெரியாதப்பா. அவர் அதோடை இருக்கிறார். நீங்கள் பூட்டிப்போட்டுக் கடைக்குப் போயிட்டியள்."

இன்னொரு நாள் அவள் வரப் பிந்தியதால் கூட்டிவர நானே சகலன் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறக்கவும் வானத்தில் குண்டு போடுகிற பொம்பர் இரையவும் சரியாக இருந்தது. சகலன், மச்சாள், என் மனைவி மூன்றுபேரும் வளவுக்குள் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார்கள். "அண்ணை, கெதியா வாங்கோ" என்று சகலன் கத்தினார். அந்தப் பங்கர் அவரைப் போல ஒல்லி ஆட்களுக்கு வெட்டியது. என் வயிறு அதற்குள் போகாது. நான் நிலைக்கதவின் கீழ் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குள் போனேன்.

அங்கேதான் படங்களைக் கண்டேன். சுவர் நெடுக என் கலண்டர்கள் ஒட்டியிருந்தன, லட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொன்றிலும் என் மாம்பழம். முதல் படத்தில் முழுதாக, காம்படியில் கறுப்புப் பொட்டு. பிறகு சுருங்கினது, பாணி வடிந்தது, பூஞ்சணம் பூத்தது, தோல் உள்ளே இறங்கிக் கொட்டையின் உருவம் வெளியே தெரிவது. என்னுடைய கோடா அதில் இருந்தது. எந்தப் படத்தில் எந்தப் பதம் என்றுகூட நான் சொல்வேன். இந்த இடத்தில் தண்ணீர் கூட்டியிருக்கிறார், இந்த இடத்தில் காயவிட்டு மேலே மேலே பூசியிருக்கிறார். வருடக்கணக்காக நான் அந்தப் பாணியை இலையில் தடவியிருக்கிறேன். அதற்குள் இத்தனை நிறம் கிடந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மேசையில் மாம்பழமும் இருந்தது. என் கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெள்ளாட்டின் காதுபோல மெல்லிய தோல். நான் குனிந்தேன். பொம்பர் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

"அண்ணை, பொம்பர்காரன் போயிட்டான்" என்று பின்னால் சகலனின் குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். எனக்கு எரிந்தது. அவர் கீறினதற்கு இல்லை, நான் குனிந்து நின்றதை அவர் கண்டுவிட்டார் என்றதற்கு.

"என்ரை பேரைக் காணேல்லை" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "பின்னாலை இருக்கண்ணை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலையும் உங்கடை பேர் அச்சிலை இருக்கு."

மச்சாள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

சரஸ்வதி பூசையை ஒட்டி அவருடைய பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகளின் வேலைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நீள மேசையில் சகலனின் குப்பைகள், சங்கு, குருவிக்கூடு எல்லாம். மேலே சுவரில் மாம்பழங்கள். சினிமாக் கொட்டகை இல்லை, தொலைக்காட்சி இல்லை, சனம் பொழுதுபோக்குக்கு அலைந்த காலம். அயலூர்களிலிருந்தும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகளின் படங்களை நடந்துகொண்டே பார்த்தவர்கள் மாம்பழத்தடியில் வந்து நின்றார்கள். நின்றவர்கள் நகரவில்லை. ஒரு தோட்டக்காரக் கிழவர் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய், "உது கொசுவோ, கீறினதோ?" என்று விரலால் தட்டிப் பார்த்தார். எல்லாரும் வாத்தியார், வாத்தியார் என்றார்கள்.

நான் பட்டு வேட்டியும் சால்வையுமாகப் போயிருந்தேன். மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நிற்பது?

"மாம்பழம் என்ரை" என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. குரலை உயர்த்தினேன். "இந்த மாம்பழம் நான் எடுத்தது. எங்கடை பிள்ளையார் கோயில் ஏலத்திலை."

இப்போது திரும்பினார்கள். கோயில் ஐயரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறார், நான் காணவில்லை. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏலத்து மாம்பழமோ? அப்ப உதை வெட்டிக் குடுக்கேல்லையோ?"

ஐயருக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் ஒழுங்கைக் கிழவி ஒருத்தி, "அதுதானே கேட்டன்" என்றாள். "இந்த முறை எங்களுக்குத் துண்டே வரேல்லை. இவர்தான் எங்களை மறந்துபோனாராக்குமெண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

கடவுளின் கையிலிருந்து வந்த பழத்தைச் சனத்துக்குக் கொடுக்காமல் அழுகவிட்டவன் என்று ஒவ்வொரு முகமாக விளங்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. சுவரில் அத்தனை படம், அத்தனையும் சாட்சி. அப்போதுதான் சகலன் ஏன் என் பெயரைக் கீழே எழுதவில்லை என்பதும் எனக்கு விளங்கியது.

அவர் முன்னால் வந்தார். "இல்லை ஐயா, அண்ணை பகிடிக்குச் சொல்லுறார். ஏலத்துப் பழம் கொஞ்ச நாள் காட்டிப்போட்டு வெட்டினது. நான் கீறினது எங்கடை வளவு மரத்திலை விழுந்த பழம்."

"அப்ப எங்கடை துண்டு?" என்றாள் கிழவி. விடுகிற ஆள் இல்லை.

"சின்னப் பழமெணை, ஆச்சி. வீட்டுக்குள்ளையே முடிஞ்சுபோச்சு."

சின்னப் பழம். என் இரண்டு கையும் கொள்ளாத கறுத்தக்கொழும்பான். கிழவி "அப்பிடியோ" என்று திரும்பிவிட்டாள். ஐயர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று நின்றார்கள். என்னுடையது என்று சொன்னால் ஊருக்குப் பிரசாதத்தை இல்லாமல் செய்தவன். இல்லை என்றால் மாம்பழம் போய்விடும், படமும் முழுக்க அவருக்கே. பக்கத்தில் மனைவி என் சால்வை நுனியை மெல்லப் பிடித்தாள்.

"ஓம், பகிடிக்குத்தான்" என்றேன்.

அன்று தொடங்கி அது வாத்தியார் வளவு மாம்பழம். அவர் வளவில் நின்றது பச்சைத்திண்ணி மாமரம், கறுத்தக்கொழும்பான் இல்லை. அதைக்கூட ஒருவரும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். "அவர் உங்களுக்காகத்தான் அப்பிடிச் சொன்னவர்" என்றாள். தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்ததால்தான் தாங்கமுடியவில்லை. படம் கீறுகிறவன் நன்றாகக் கீறட்டும், அது அவன் தொழில். எல்லாருக்கும் முன்னால் என்னைக் காப்பாற்றுகிற பெரிய மனதும் அவருக்கே இருக்க வேண்டுமா? எனக்கு எதைத்தான் மிச்சம் விட்டார்? பெரிய மனது காட்ட எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருந்தால் அவர் காட்டியதைவிட இரண்டு மடங்கு காட்டியிருப்பேன்.

சில நாள் நான் அந்த அலுமாரியின் பக்கமே போகவில்லை. கீழ்த்தட்டுகளைக் கழுவிக் கோப்பைகளை மனைவிதான் திரும்ப அடுக்கினாள்.

பிறகு ஒருநாள் பின்னேரம் கடையிலிருந்து நேரத்துக்கே வந்துவிட்டேன். மேற்கு யன்னலால் வெயில் விழுந்திருந்தது. மனைவி அலுமாரிக்கு முன்னால் நின்றாள். கையில் தூசித் துணி இருந்தது, ஆனால் கை அசையவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன்.

மேல்தட்டில், மாம்பழம் இருந்த இடத்தில், வெல்வெட்டில் ஒரு கறை. பாணி வடிந்து ஊறிக் காய்ந்தது. நடுவில் தேன் நிறம். அதைச் சுற்றி மண்ணிறம், விளிம்பில் ஒரு கறுப்பு ஊதாக் கோடு, குளத்தில் தண்ணீர் வற்றும்போது கரையில் விடுகிற கோடுகள்போல ஒன்றுக்குள் ஒன்று. ஒரு பக்கம் எறும்பு அரித்த இடத்தில் வெல்வெட்டின் மயிர் போய் நூல் மட்டும் மினுங்கியது. வெயில் படப்பட அது உள்ளிருந்து எரிகிறமாதிரி இருந்தது.

"கழுவினால் போகாதோ?" என்றேன்.

"கழுவாதையுங்கோ" என்றாள். தூசித் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வடிவாயிருக்கப்பா" என்றாள்.

என் வீட்டில், என் அலுமாரியில், என் மாம்பழம் போட்ட கறைக்கு முன்னால் அவள் நின்றாள். நானும் நின்றேன். வெயில் இறங்கித் தட்டைவிட்டுப் போகும்வரைக்கும் நின்றோம்.

அன்றிலிருந்து அவள் பின்னேரங்களில் தங்கை வீட்டுக்குப் போவது பழையபடி கிழமைக்கு ஒருதரம் ஆனது. வெயில் விழுகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சகலனுக்கு அதை நான் காட்டவில்லை. காட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தரையில் குந்துவார், கொஞ்ச நாளைக்குத் தாங்கோ அண்ணை என்பார், மச்சாள் போத்தலோடு வருவாள். பிறகு அது வாத்தியார் வீட்டுக் கறையாகிவிடும். படலையில் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் நான் எழுந்துபோய்ப் பீங்கான் வாத்தைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துதான் கதிரையில் இருப்பேன்.

ஒருநாள் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அலுமாரியைப் பார்த்தார். கோப்பையை வைத்தார். கழுத்தை ஒருபக்கம் சாய்த்தார்.

"அண்ணை, உந்த வாத்து முந்திக் கரையிலையெல்லோ இருந்தது? ஏன் இப்ப நடுவிலை?"

"அதுக்கு அங்கைதான் நல்ல வெளிச்சம்" என்றேன்.

குசினிக்குள் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.